ஒன்பதாவது கேள்வி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் மூன்று பேரும் இந்த வாக்குமூலத்தைப் படிக்கச் சிரமப்பட வேண்டியிருக்காது என்பதற்காகச் சொல்கிறேன். மலையாளத்திலோ இங்கிலீஷிலோ எழுதித் தரலாம் என்று மேனேஜர் அஜீஷ் சொன்னார். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். இந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகத் தமிழுக்கு நான்தான் பொறுப்பு. விசாரணை வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உங்களில் ஒருவருக்குத்தான் தமிழ் படிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். அவர் மற்ற இருவருக்கும் மலையாளத்தில் சொல்லட்டும். உள்ளது உள்ளபடி சொல்வார் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தில் ஆளைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பெயர் அருமைநாயகம். வயது ஐம்பத்து நான்கு. நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே வீடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சபையில் இரண்டும். வெளியூர்ப் போதகர்கள் வந்து மலையாளத்தில் பிரசங்கம் செய்யும்போது பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது இருபது வயதிலிருந்து என் ஊழியம். போதகர் நான்கு வாக்கியம் பேசினால் நான் ஒன்று சொல்வேன். வளவளவென்று இருப்பதை எடுத்துவிட்டுத் தேவையானதை மட்டும் கொடுப்பேன். அவருக்குத் தோன்றாமல் போன நல்ல கருத்து ஏதாவது இருந்தால் அதையும் சேர்ப்பேன். ஆராதனை முடிந்ததும் வயதானவர்கள் போதகரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் நிற்கிறவன்தான் காரியத்தை ஒழுங்கு செய்கிறான் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறைக் கிளார்க்காகத்தான் சேர்ந்தேன். அப்போது எல்லோரும் என்னை அண்ணாச்சி என்றார்கள். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவன் சாலை என்கிற கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அண்ணாச்சிதான். ஓமனா சிஸ்டர்கூட என்னைக் கண்டால் "அண்ணாச்சி, கடை துறந்நோ?" என்று, கடை திறந்தாயிற்றா என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பதினாறு வருடம் சிரித்தேன்.

பிறகு விழித்திரைப் பிரிவுக்கு டாக்டர் ஷீஜா வந்தார். மஸ்கட்டில் வளர்ந்தவர். மலையாளமே யோசித்துத்தான் பேசுவார். தமிழ் அறவே கிடையாது. சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் ஆட்களாக இருப்பதைப் பார்த்தார். சாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், கட்டிட வேலைக்கு வந்தவர்கள். வியாழக்கிழமையைத் தமிழ் நாளாக்கி என்னை ரெக்கார்டு அறையிலிருந்து வெளியே எடுத்து ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். கண்ணுக்குள் ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் பன்னிரண்டு கேள்வி கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதி, உள்ளே டாக்டர் பேசுவதையும் அவர்கள் பேசுவதையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இது. உடம்பில் வேறு எங்காவது ஆறாத புண் உண்டா, சமீபத்தில் ஆப்பரேஷன் ஏதாவது நடந்ததா?

இந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய மாட்டேன். டாக்டர் ஷீஜா எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். கண்ணுக்குள் கண்டபடி முளைக்கிற, கசிகிற சின்ன ரத்தக் குழாய்களை அடக்குவதற்கு இந்த மருந்து. ஆனால் உடம்பில் ஒரு புண் ஆற வேண்டுமானால் அந்த இடத்தில் புதிதாகச் சின்ன ரத்தக் குழாய்கள் முளைத்தாக வேண்டும். கண்ணில் போடுகிற மருந்து துளிதான், அதிலும் ஒரு சிறு பங்கு ரத்தத்தில் கலந்து உடம்பைச் சுற்றி வருகிறது. அது காலில் இருக்கிற புண்ணைத் தாமதப்படுத்துமா, எவ்வளவு தாமதப்படுத்தும் என்பது இன்னும் தீர்ந்த விஷயம் இல்லை. அதனால் புண் இருக்கிறவர்களைத் தெரிந்துகொண்டால், அந்தப் புண்ணைப் பார்க்கிற டாக்டரிடம் பேசலாம், சில வாரம் தள்ளிப் போடலாம், ரத்தத்தில் நெடுநேரம் தங்காத வேறு மருந்துக்கு மாறலாம். இவ்வளவையும் பலகையில் படம் போட்டு விளக்கினார். என் நோட்டில் அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. அவர் போட்டதைவிட என் படம் தெளிவாக இருக்கும்.

முதல் சில மாதம் நானும் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். அப்போதுதான் தாணுமாலையன் வந்தார். சாலையில் அரிசி மொத்த வியாபாரம். ஒன்பதாவது கேள்விக்கு வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். முன்காலில் புண். "இல்லை" என்று சொல்லத் தெரியாத மனிதர். நான் "உண்டு" என்று எழுதினேன். டாக்டர் ஷீஜா ஊசியை நிறுத்தினார், யாருக்கோ போன் செய்தார், போன் வரக் காத்திருந்தார். ஆப்பரேஷன் தியேட்டர் ஒரு மணி நேரம் தாமதம். பின்னால் படுக்க வேண்டியவர்கள் கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்து முனகினார்கள். அஜீஷ் என் மேஜைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணாச்சியே, நிங்ஙளுடெ ஆளுகள்க்கு எப்பளும் எந்தெங்கிலும் ஒண்ணு காணும், அல்லே?"

உங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும் என்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தாணுமாலையனும் சிரித்தார், அவருக்கு விஷயம் புரியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள். அதாவது நான். ஒரு சமூகத்தின் மானம் ஒருவருடைய முன்காலில் போய் நிற்பதை நீங்கள் யாரும் அனுபவித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து என் மேஜையில் எந்தத் தாமதமும் இல்லை. எங்கள் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், வரிசையில் படுத்தார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், எழுந்து போனார்கள். ஒன்பதாவது கேள்வி ஒரு தடவைகூட யாரையும் நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் அஜீஷ் மீட்டிங்கில் எழுந்து, ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்காக நடக்கிற நாள் தமிழ் நாள்தான் என்றார். அன்றைக்கு அவர் வாயில் "அருமை சார்" என்று வந்தது. மறுநாள் ஓமனா சிஸ்டர் வாயிலும் வந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு சார் வருவதற்கு எனக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது.

இனி மாடம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதானே வேண்டும்.

நாங்குநேரிப் பக்கத்து அம்மாள். அறுபது நெருங்கியிருக்கும். சாலையில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. முதல் தடவை ஜனவரியில் அந்த ஹோட்டலின் பரோட்டா மாஸ்டர் பிச்சைக்கனி கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது, மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என்னை அண்ணாச்சி என்றார். அவர் ஊரில் அது மரியாதைச் சொல் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓமனா சிஸ்டர் கேட்கிற தூரத்தில் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அவர் உடனே போய்விட்டார்.

"தட்டுல மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்காம்யா" என்றார் மாடம்மாள். "மொதலாளி ஏசுதாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் ஒரு மாசம் பாப்பேன், பொறவு வேற ஆளப் போட்டுருவேங்காரு. கண்ணு மட்டும் தெரிஞ்சிட்டுன்னா போதும்யா."

கண் மட்டும் போதும் என்று அவரே சொன்னார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது கேள்விக்கு அன்றைக்கு அவர் சொன்ன பதில் "இல்லை". நான் எழுதியதும் "இல்லை". ஓர் அறக்கட்டளையின் உதவியில் ஊசிகள் இலவசம். மாதம் ஒன்று, முதலில் ஆறு மாதத்துக்கு.

பிப்ரவரியில் வந்தபோது காலில் துணி சுற்றியிருந்தார்.

"கண்ணாடி கிளாசு ஒடஞ்சி குத்திட்டு. மாசம் ஒண்ணாச்சி, ஆறவே மாட்டேங்கு. நாள் பூரா தண்ணிக்குள்ள நிக்கேம்லா."

"கண்ணுக்கு வந்தீங்களா, காலுக்கு வந்தீங்களா?"

"கண்ணுக்குத்தான்யா."

"அப்போ கண்ணப் பத்திப் பேசுங்கம்மா."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மீன் சந்தையில் போய்த் துணி கேட்டுவிட்டவரைப் போல. நான் படிவத்தில் "இல்லை" என்று எழுதினேன். அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. பாருங்கள், எழுத்தில் எந்த நடுக்கமும் இல்லை.

உள்ளே டாக்டர் ஷீஜா வழக்கம்போல மலையாளத்தில் நலம் விசாரித்தார், வேறு உபத்திரவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர் யாரையும் படிவத்தை மட்டும் பார்த்து விட்டுவிட மாட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொல்வதற்கு முன்பே மாடம்மாள் குனிந்து காலைக் காட்டிவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"பஸ் ஏறாமல் சாலையிலிருந்து நடந்தே வந்தாராம். பாதை அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதாம்" என்றேன்.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடம்மாளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். காலைப் பற்றி டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று மாடம்மாளுக்கும் சந்தோஷம். வெளியே வந்ததும், "காலுக்கு என்ன சொல்லுதாக?" என்று கேட்டார். ஆறிவிடும், கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். ஒரே அறையில் இரண்டு பேரையும் சந்தோஷப்படுத்தி அனுப்புவது எல்லோருக்கும் வருகிற வித்தை அல்ல.

மார்ச்சில் ஒரு கடிதம் கொண்டு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த சர்ஜன் இங்கிலீஷில் எழுதியது. புண் மூடவில்லை, காலில் ரத்த ஓட்டம் குறைவு, கண் ஊசியைச் சில வாரம் தள்ளிப் போட முடியுமா அல்லது வேறு மருந்து கொடுக்க முடியுமா என்று விழித்திரை டாக்டர் தன்னோடு பேசினால் நல்லது. கீழே போன் நம்பர். மரியாதையான கடிதம். அதைக் கிழித்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். நான் எதையும் கிழிக்கிறவன் அல்ல, ரெக்கார்டு அறையில் பதினாறு வருடம் இருந்தவன். வேறொருவருடைய கோப்பில் வைத்தேன். அவ்வளவுதான்.

டாக்டரம்மா கடிதத்தைப் படித்தார்களா என்று மாடம்மாள் கேட்டார். படித்தார்கள், ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். படித்தவர்கள் பேசி முடிவு செய்துவிட்டால் தனக்கு என்ன தெரியும் என்று அவர் தலையாட்டினார். நல்ல நோயாளி. எல்லோரும் இப்படி இருந்தால் ஆஸ்பத்திரி நடத்துவது சுலபம்.

ஏப்ரலில் புண்ணிலிருந்து வாடை வரத் தொடங்கியது. தியேட்டருக்குள் போகிற நோயாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிக் காலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். ஓமனா சிஸ்டர்தான் வாசலில் நின்று மாட்டிவிடுவார். அன்றைக்கு அவருக்கு முன்னால் நான் போனேன். மாடம்மாளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, தரையில் முழங்கால் போட்டு, புண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன் மேல் டெட்டால் நனைத்த பஞ்சு வைத்து, காலுறையை நானே இழுத்துக் கட்டினேன். அவர் பதறிப் போனார். "ஐயா, நீங்க போயி என் காலத் தொடலாமா" என்று கையைப் பிடித்தார். ஓமனா சிஸ்டர் தூரத்திலிருந்து இதைப் பார்த்துப் போனில் படம் எடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மொத்தம் நாற்பத்தொரு பேர் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். பாதம் கழுவிய சம்பவத்தை ஒருவர் வேதத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தார். அந்தப் படத்தைத்தான் நீங்கள் இப்போது எனக்கு எதிரான சாட்சியாக வைத்திருக்கிறீர்கள். ஒரே படம், இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொல்வதற்கில்லை.

மே மாதம் அவர் கொஞ்சம் பிரச்சினை செய்தார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"ஊசி வேண்டாம்யா. ரெண்டு வெரலு கறுத்துப் போச்சி. ராத்திரி தூக்கமில்ல. காலு கொஞ்சம் ஆறட்டும், பொறவு வாரேன். டாக்டரம்மாட்ட சொல்லுங்க."

டாக்டரிடம் திரும்பி, அடுத்த ஊசி எப்போது என்று கேட்கிறார் என்றேன். மாடம்மாளிடம் திரும்பி, நடுவில் நிறுத்தினால் கண் அடியோடு போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். அந்த நிமிடம்வரை மாடம்மாளுக்குக் காலைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது கண்ணைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. கட்டிலில் ஏறிப் படுத்தார்.

ஏன் அன்றைக்காவது உண்மையைச் சொல்லவில்லை என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. யோசித்துப் பாருங்கள். மே மாதம் "புண் உண்டு" என்று சொன்னால், பிப்ரவரியில், மார்ச்சில், ஏப்ரலில் என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். ஒரு "உண்டு" சொல்லப் போய் மூன்று "இல்லை"க்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதோடு அந்த மாதம் வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் தமிழ் நாளைப் பார்க்க வருவதாக இருந்தது.

ஜூனில் பிச்சைக்கனி கூட வந்தார். மாடம்மாளால் தனியாக நடக்க முடியவில்லை. நான் வழக்கம்போலக் காலுறை மாட்டி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டேன். பிச்சைக்கனி வெளியே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஷீஜா அந்த வழியாகத் தியேட்டருக்குப் போகும்போது அவர் வழியை மறித்து மலையாளத்தில் கேட்டார். எனக்கு முதுகில் விழுந்தது அந்தக் குரல்.

"டாக்டர், ஒரு சந்தேகம். ஊசியை நிறுத்திட்டுக் கால் ஆறின பிறகு போட முடியாதா? பக்கத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவு வாடை."

"எந்தக் கால்?" என்றார் டாக்டர்.

பிச்சைக்கனி என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். "அந்த அம்மாள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே, டாக்டர்" என்றேன். எனக்கே இயல்பாக இருந்தது.

டாக்டர் உள்ளே போய்க் காலுறையை அவிழ்த்தார், பஞ்சை எடுத்தார், பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி மாட்டிக்கொண்டார். என்னிடம் திரும்பி, இவ்வளவு நாளும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேளுங்கள் என்றார்.

ஆறு மாதத்தில் அந்த ஒரு கேள்வியைத்தான் நான் அப்படியே தமிழில் கேட்டேன். வேறென்ன கேட்பது என்று சட்டென்று தோன்றவில்லை.

மாடம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சொன்னேம்லாய்யா. ரெண்டாவது மாசமே சொன்னேன். உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்."

"பயமாக இருந்ததால் சொல்லவில்லை என்கிறார்" என்று டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் மாடம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலின் மறுபக்கம் சொட்டு மருந்தோடு நின்றிருந்த ஓமனா சிஸ்டர் மட்டும் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தார். சிஸ்டர் தமிழ்ப் படம் ஒன்று விடாமல் பார்ப்பவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். "சொன்னேன்" என்ற சொல்லைப் புரிந்துகொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அது என் கவனக்குறைவு. ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடிதம் எழுதிய சர்ஜனே எடுத்தார். எடுத்து முடித்ததும் டாக்டர் ஷீஜாவுக்குப் போன் செய்து, மார்ச்சிலேயே எழுதினேனே, ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்டாராம். மீதி உங்களுக்குத் தெரியும்.

டாக்டர் ஷீஜா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் படிவங்கள். பெயருக்குப் பின்னால் சார் இல்லை.

"கண்ணில் போட்ட மருந்தால்தான் கால் போயிற்று என்று யாராவது நிரூபிக்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்டேன். "சர்க்கரை இருக்கிறது, ரத்த ஓட்டம் இல்லை, நாள் பூரா ஈரத்தில் நிற்கிறார். ஊசி போடாமலே கால் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்" என்றார். "எனக்குத் தெரியாது, அருமைநாயகம். யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாததால்தான் கேட்கச் சொன்னேன்."

குரல் உடைந்துவிட்டது. சின்ன வயது, போகப் போகப் பழகிவிடும். தெரியாது என்று அவரே சொன்னதை மட்டும் நீங்கள் குறித்துக்கொண்டால் போதும். உங்கள் அறிக்கையும் அதையே சொல்லப் போகிறது என்று கேள்விப்பட்டேன். காலை எடுக்க வேண்டிவந்ததற்கு மருந்துதான் காரணம் என்று சொல்ல முடியாது. நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதும் அதுதான்.

பார்வையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜனவரியில் பலகையில் மேலே இருக்கிற பெரிய எழுத்து மட்டும் தெரிந்த அம்மாளுக்கு, ஜூனில் கீழே நான்கு வரி தெரிகிறது. எங்கள் பிரிவில் இந்த வருடம் இவ்வளவு நல்ல முன்னேற்றம் வேறு யாருக்கும் இல்லை. பாத்திரம் கழுவுவது நின்றுகொண்டு செய்கிற வேலை, அதனால் ஹோட்டலில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று பிச்சைக்கனி சொன்னார். அது வருத்தம்தான். ஆனால் தட்டில் ஒட்டியிருக்கிற மஞ்சள் இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தது அதற்குத்தானே.

மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் மாடம்மாளின் கோப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். தாணுமாலையனுக்குப் பிறகு, ஒன்பதாவது கேள்விக்கு "உண்டு" என்று என்னிடம் பதில் சொன்னவர்கள் மொத்தம் பதினொரு பேர். பதினொரு படிவத்திலும் "இல்லை" என்று எழுதியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாருக்கும் பங்கு இல்லை. மாடம்மாளையும் சேர்த்து ஏழு பேருக்குக் காலில் புண். இரண்டு பேருக்குப் பல் பிடுங்கின இடம் மூடவில்லை. ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆப்பரேஷன் நடந்து மூன்று வாரம். பால்பாண்டி என்று ஒரு செக்யூரிட்டி, அவருக்கு நெஞ்சில் பைபாஸ் செய்த தையல் பிரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது, சட்டையை விலக்கிக் காட்டினார். இரண்டு ஊசிக்குப் பிறகு அவர் வரவில்லை. வராதவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். மற்றவர்களின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டால் எழுதித் தருகிறேன். எனக்கு ஞாபக சக்தி அதிகம்.

இதை எங்கள் ஆட்களுக்காகத்தான் செய்தேன். அவர்களை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆறு வருடம் அவர்களால் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடத் தாமதம் உண்டா? அஜீஷைக் கேளுங்கள்.

கடைசியாக, நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி. சாட்சியைக் கலைக்கப் போனேன் என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. காலை எடுத்த நான்காம் நாள், பார்க்கும் நேரத்தில், எல்லோருக்கும் தெரியும்படி நான்கு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் ஓர் இளம் டாக்டர் மாடம்மாளிடம் மலையாளத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பக்கத்துக் கட்டிலில் யாருக்கும் தமிழ் வரவில்லை. என்னைக் கண்டதும் மாடம்மாளின் முகம் தெளிந்தது. "ஐயா வந்துட்டாக" என்றார். அந்த டாக்டரும் நிம்மதியாகி, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்.

அவர் சொன்னது இதுதான். அம்மா தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டு அழுகிறார் என்று பிச்சைக்கனி சொன்னார். சாப்பிட மாட்டேன் என்கிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, சொல்ல வேண்டியதை அவர் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார், கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. இதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

"காலைக் கழுவி, காய வச்சு, ஒழுங்காப் பாத்திருந்தா இது வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்றார். நீங்களும் எங்ககிட்ட வெளிப்படையாச் சொல்லல. சொன்னதா நினைச்சிக்கிட்டு இருக்கீங்க. வலியில அப்படித்தான் தோணும்."

மாடம்மாள் வெகுநேரம் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல தெளிவான பார்வை.

"அப்பிடியாய்யா? நான் சொல்லவேயில்லையா?"

"இல்லை" என்றேன்.

"எம்மேலதான் தப்பு" என்று அழுதார். "என்னால உங்களுக்கும் வேலையில கெட்ட பேராமே, பிச்சைக்கனி சொன்னான். எனக்காகக் கீழ உக்காந்து என் காலத் தொட்ட மனுசன். மன்னிச்சிருங்கய்யா."

கைகூப்பியபடியே இருந்தார், நான் பதில் சொல்லும்வரை கையை இறக்கவில்லை. எனக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் இல்லை.

மன்னித்துவிட்டேன்.